வரைவு விதிக்கு ஆட்சேபம் எழுதுவதால் சிறிய சாயப்பட்டறைக்கு ஏதேனும் பயன் உண்டா?

சாயத்தொட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில், பல பட்டறைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினராக இருக்கும் சிறிய சாயப்பட்டறை ஒன்றை, என் தந்தைக்குப் பிறகு 2004 முதல் நான் நடத்தி வருகிறேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை (இயங்குவதற்கான அனுமதி), மீட்டர் பதிவேடு, மாதாந்திரப் படிவங்கள் என்று விதிகளுக்கு உட்பட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் அந்த விதிகள் எழுதப்படும் கட்டத்தில் எங்களைப் போன்றவர்கள் ஒரு சொல்லாவது சேர்த்திருக்கிறோமா என்ற கேள்வி சில நாட்களாக என்னை விடவில்லை.

2015 அக்டோபரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஜவுளித் தொழிலின் கழிவுநீர்த் தரம் பற்றி ஒரு வரைவு அறிவிக்கை வெளியிட்டது பலருக்கு நினைவிருக்கும். நாளொன்றுக்கு 25,000 லிட்டருக்கு மேல் கழிவுநீர் உண்டாக்கும் ஜவுளிப் பதனிடும் ஆலைகள் அனைத்தும், நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும், ஜீரோ டிஸ்சார்ஜ் முறைக்கு, அதாவது கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு, வர வேண்டும் என்று அதில் இருந்தது. ஆட்சேபம் தெரிவிக்க 60 நாள் அவகாசம். நான் எதுவும் எழுதவில்லை. சாயப்பட்டறைச் சங்கம் எழுதிவிடும் என்று இருந்துவிட்டேன். மறு ஆண்டு அக்டோபர் 10 அன்று இறுதி அறிவிக்கை வந்தபோது அந்தக் கட்டாயம் காணாமல் போயிருந்தது. சூழல் நிலை மோசமாக உள்ள இடங்களில் வாரியம் விரும்பினால் ஜீரோ டிஸ்சார்ஜைக் கட்டாயப்படுத்தலாம் என்ற அளவில் அது சுருங்கிவிட்டது. அதாவது நீதிமன்ற உத்தரவால் ஏற்கெனவே ஜீரோ டிஸ்சார்ஜுக்கு வந்துவிட்ட திருப்பூருக்கு ஒரு சட்டம், நம்மோடு போட்டியிடும் வட மாநில நகரங்களுக்கு வேறொரு சட்டம்.

அன்று நான் ஒரு கடிதம் எழுதியிருந்தால் இது மாறியிருக்குமா? அடுத்த முறையாவது எழுத வேண்டுமா, அல்லது தபால் செலவுதான் மிச்சமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழையகோப்பு எழுதியது:

நான் ஒழுங்குமுறை சார்ந்த ஓர் அரசு அலுவலகத்தில் பல ஆண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன். முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், 1986-இன் 5ஆம் விதிப்படி, அரசு ஒரு தொழிலுக்குத் தடையோ கட்டுப்பாடோ விதிக்க நினைத்தால் அந்த எண்ணத்தை அரசிதழில் வெளியிட வேண்டும். வெளியான நாளிலிருந்து 60 நாட்களுக்குள் எவர் வேண்டுமானாலும் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். வந்தவற்றை அரசு பரிசீலிக்க வேண்டும். பொதுநலன் கருதி இந்த அறிவிப்பையே தவிர்த்துவிடும் அதிகாரமும் அதே விதியில் அரசுக்கு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

பரிசீலிப்பது என்றால் என்ன என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆட்சேபங்கள் ஒரு அட்டவணையாகத் தொகுக்கப்படும்: எழுதியவர் யார், எந்தப் பத்தி பற்றி, என்ன கோருகிறார், என்ன முடிவு. ஒரே வாசகத்தில் முந்நூறு கடிதங்கள் வந்தால் அவை முந்நூறு வரிகளாக ஏறுவதில்லை. ‘தொழில் சங்கங்கள் கால நீட்டிப்புக் கோருகின்றன’ என்ற ஒற்றை வரிக்குள் அடங்கிவிடும். மாறாக, இன்ன பத்தியில் இன்ன அளவை எங்கள் பட்டறையில் எட்ட முடியவில்லை, காரணம் இது, பன்னிரண்டு மாத அளவீடு இணைக்கப்பட்டுள்ளது என்று ஒருவர் எழுதினால், அதை ஏற்காவிட்டாலும் ஏன் ஏற்கவில்லை என்று யாராவது குறிப்பு எழுதியாக வேண்டும். கோப்பில் பதில் எழுத வைப்பதே ஒரு வேலைதான்.

வரைவு அரசிதழில் வரும்போது பாதி முடிவு எடுக்கப்பட்டிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே தொழில்நுட்பக் குழுக்கள் கூடி அளவுகளைப் பேசியிருப்பார்கள். அந்தக் கட்டத்தில் கையில் தரவோடு வருகிறவர் சொல்வதுதான் எழுத்தில் ஏறும். பெரிய ஆலைகளுக்கு இதற்கென்றே ஆள் இருக்கிறது. உங்களுக்கு இல்லை.

நொய்யல்கரை எழுதியது:

சாயத்தொட்டி ஐயா, நீங்கள் தொழில்காரர்களின் குரல் கேட்கப்படவில்லை என்று பேசுவதைப் படிக்கும்போது, திருப்பூருக்குக் கீழே நொய்யல் ஆற்றில் உள்ள ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் என் குடும்பத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் முடித்த அணை அது. சில ஆண்டுகளிலேயே அதில் தேங்கியது நீரல்ல, உங்கள் தொட்டிகளிலிருந்து வந்த உப்பும் நிறமும். அணையைத் திறக்காதீர்கள் என்று பாசன விவசாயிகளே கோரிக்கை வைத்த அணை வேறு எங்காவது இருக்கிறதா? எங்கள் தென்னைகளில் குரும்பை உதிர்ந்து, கிணற்று நீரை வாயில் வைத்தால் கரித்து, வாளியைக் கவிழ்த்து வைத்தால் அடியில் வெள்ளைப் படலம் நின்றது. என் பாட்டி அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று பக்கத்து ஊரிலிருந்து குடத்தில் கொண்டுவரச் சொல்வார்.

சாயத்தொழிலின் குரல் எப்போது கேட்கவில்லை? 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஒவ்வொரு கெடுவிலும் ‘இன்னும் கொஞ்சம் அவகாசம்’ என்ற குரல் கேட்டுக்கொண்டேதான் இருந்தது, ஏற்கவும் பட்டது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், 2007 ஜூலை 31-க்குள் ஜீரோ டிஸ்சார்ஜை எட்ட வேண்டும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கிப் படிப்படியாக உயரும் தொகையைக் கட்ட வேண்டும் என்றது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றீர்கள். 2009 அக்டோபரில் அங்கேயும் தோற்று, மூன்று மாதம் வாங்கி வந்தீர்கள். கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று எல்லாப் பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. விதி வகுப்பதில் பங்கேற்பு என்று நீங்கள் சொல்வது என் கண்ணுக்கு வாய்தா வாங்குவதாகத்தான் தெரிந்தது.

சாயத்தொட்டி எழுதியது:

நொய்யல்கரை அவர்களுக்கு: நீங்கள் எழுதியதில் மறுக்க எனக்கு எதுவும் இல்லை. 2006-இல் எங்கள் சங்கக் கூட்டத்தில் நானும் இருந்தேன். மேடையில் பேசியவர்கள் எல்லோரும் எத்தனை மாதம் கேட்கலாம் என்பதைப் பற்றித்தான் பேசினார்கள். ஒருவர் கூட, தண்ணீரைத் திரும்ப எடுத்த பிறகு மிஞ்சும் உப்பை எங்கே வைப்பது என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று அந்தக் கேள்வி எழுந்திருந்தால் இன்று என் மனதில் இருக்கும் கவலை பாதியாகக் குறைந்திருக்கும்.

ஆய்வகமேசை எழுதியது:

நான் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். மேலே தொட்டுவிட்டுப் போன உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள், ஏனெனில் இந்த இழையின் கேள்விக்கான விடை அந்த உப்பில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் தொட்டியில் உப்பு போட்டே ஆக வேண்டும்; அடர் கருப்புக்கும் கருநீலத்துக்கும் லிட்டருக்கு 80 கிராம் வரை கூடப் போடுகிறார்கள். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, முழுவதும் கழிவுநீரோடு வருகிறது. உயிரியல் சுத்திகரிப்பு நிறத்தையும் கரிமப் பொருளையும் குறைக்குமே தவிர உப்பைத் தொடாது. ஆற்றில் விடுவதற்கான பழைய வரம்பு, லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைந்த திடப்பொருள். சாயக் கழிவுநீரை அந்த வரம்புக்குக் கொண்டுவர உப்பைப் பிரித்தெடுப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஆர்.ஓ. சவ்வு வழியாகச் செலுத்தி நல்ல நீரைப் பட்டறைக்குத் திருப்புகிறோம். மிஞ்சும் உப்புச் செறிந்த ரிஜெக்ட் நீரை ஆவியாக்குகிறோம். ஆவியாக்கும் கலம்தான் எரிபொருளை விழுங்குகிறது. அதன் முடிவில் கலப்பு உப்பு ஒன்று விழுகிறது: சோடியம் சல்ஃபேட், சோடியம் குளோரைடு, கொஞ்சம் கால்சியம், கொஞ்சம் நிறம். நிறத்தைப் பார்த்தால் அழுக்கு வெல்லம் போல இருக்கும். யாரும் வாங்க மாட்டார்கள். மூட்டையில் கட்டிக் கொட்டகையில் அடுக்குகிறோம். ஐப்பசி மழையில் ஈரத்தை இழுத்துக்கொண்டு கல்லாக இறுகிவிடும், கடப்பாரையால்தான் உடைக்க வேண்டும்.

நீதிமன்ற உத்தரவு சொன்னது என்னவென்றால், ஒரு சொட்டுத் திரவமும் வெளியே போகக் கூடாது. சரிதான். ஆனால் திடமாக மாறிய உப்பு என்னவாக வேண்டும் என்பது நீதிமன்றத்தின் கேள்வியாக இருக்கவில்லை, ஏனெனில் அந்தக் கேள்வியை அங்கே வைத்திருக்க வேண்டியவர்கள் அவகாசம் மட்டுமே கேட்டார்கள். மூடிய பிறகு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்து நிலையங்களைத் திரும்ப எழுப்பியபோதுதான் அருள்புரம் நிலையத்தில் செய்து பார்த்த முறை பேசப்பட்டது. அதாவது உப்பு முழுவதையும் ஆவியாக்கிக் கொட்டாமல், செறிந்த உப்பு நீரைச் சுத்தம் செய்து அப்படியே சாயத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புவது. உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே வகை உப்பைப் பயன்படுத்தினால் இது நன்றாக நடக்கும். ஒருவர் கிளாபர் உப்பும் (சோடியம் சல்ஃபேட்) மற்றவர் சாதாரண உப்பும் (சோடியம் குளோரைடு) போட்டால் கெட்டுவிடும். எவ்வளவு சிறிய கட்டுப்பாடு பாருங்கள். எந்தக் கட்டளையிலும் முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டிய வரி அது. தொட்டிக்கு அருகில் நிற்பவருக்கு மட்டுமே தெரிந்த வரி.

ஏற்றுமதிப்பெட்டி எழுதியது:

நல்ல விளக்கம், சகோதரி. நான் ஆடை ஏற்றுமதி செய்பவன், சாயமேற்றும் வேலையை வெளிப் பட்டறைகளுக்கு ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குக் கொடுப்பவன். தொழில்துறை என்று எல்லோரும் ஒரே குரலில் பேசுவதாக நினைப்பதுதான் முதல் பிழை என்று எனக்குத் தோன்றுகிறது. 2015 வரைவை எதிர்த்தவர்களும் தொழில்துறைதான், ஆதரித்தவர்களும் தொழில்துறைதான். நம் ஊர்ப் பட்டறைகள் ஏற்கெனவே கோடிக்கணக்கில் கடன் வாங்கி ஆவியாக்கும் கலம் வைத்துவிட்டதால், அதே செலவு எல்லா ஊருக்கும் வரட்டும் என்று விரும்பினோம். விதியால் அதிகம் அடிபட்டவனே அந்த விதி நாடு முழுவதும் பரவ வேண்டும் என்று கேட்கும் விசித்திரம் அது. அதை நாங்கள் மேடைகளில் சொன்னோம், பேட்டிகளில் சொன்னோம். பழையகோப்பு ஐயா சொல்லும் அட்டவணையில் எத்தனை வரியாக ஏற்றினோம் என்பதுதான் சந்தேகம்.

வரி விஷயத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 2021 நவம்பர் 18 அன்று ஜவுளிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 12 ஆக உயரும், 2022 ஜனவரி 1 முதல் நடைமுறை என்று அறிவிக்கை வந்தது. சூரத்திலிருந்து ஈரோடு வரை கடைகள் கொதித்தன, மாநில நிதியமைச்சர்கள் எழுதினார்கள், டிசம்பர் 31 அன்று கூடிய 46ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் அதை நிறுத்தி வைத்தது. ஆறே வாரம். எல்லோருக்கும் ஒரே பக்கம் வலித்ததால் நடந்தது. கழிவுநீரில் வலி ஊருக்கு ஊர் வேறு. ஒரு ஊரின் நட்டம் மற்றொரு ஊரின் ஆர்டர்.

இன்னொன்று. அரசின் விதி மட்டுமே விதி என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டு பிராண்டுகள் தங்களுக்குள் கூடி 2011-இல் தொடங்கிய இசட்டிஹெச்சி என்ற அமைப்பு, எந்த ரசாயனத்தைத் தொட்டியில் போடக் கூடாது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பெயரிலும் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ இருக்கிறது, ஆனால் அது அபாயகரமான ரசாயனங்களின் வெளியேற்றத்தைப் பற்றியது, தண்ணீரைப் பற்றியதல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘எங்களிடம் இருக்கிறது’ என்று ஆடிட்டரிடம் தலையாட்டிய மேலாளர்களை எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலுக்கு அரசிதழும் இல்லை, 60 நாளும் இல்லை. கையெழுத்துப் போடாவிட்டால் ஆர்டர் இல்லை, அவ்வளவுதான். அதோடு ஒப்பிட்டால் அரசின் வரைவு நமக்குக் கிடைத்த வரம்.

நொய்யல்கரை எழுதியது:

ஏற்றுமதிப்பெட்டி அவர்கள் சொல்வது நியாயம்தான், ஆனால் வரைவு எந்த மொழியில் வருகிறது என்று யாரும் கேட்கவில்லையே. ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது, அதை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் மொழிபெயர்த்து வெளியிடச் சொல்லி ஜூன் 30 அன்று தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, கருத்துச் சொல்லும் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. ஒரு வழக்குப் போட்டால்தான் வரைவு நம் மொழிக்கு வரும் என்றால், ஆட்சேபம் எழுதும் உரிமை யாருக்கானது? நாற்பது பக்க ஆங்கிலத்தைச் சாயப்பட்டறை முதலாளி ஆடிட்டரிடம் கொடுத்துப் படிப்பார். நான் யாரிடம் கொடுப்பது?

பழையகோப்பு எழுதியது:

நியாயமான கேள்வி, தம்பி. அதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தில், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் அரசு சாராத உறுப்பினர்கள் மூவருக்கு மிகாமல் இருக்கலாம், அவர்கள் விவசாயம், மீன்வளம், தொழில் அல்லது வணிகம் முதலிய நலன்களின் சார்பாக இருப்பார்கள் என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ‘அல்லது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே பாயில் மூன்று பேருக்கு இடம்; விவசாயியும் மீனவரும் ஆலைக்காரரும் கடைக்காரரும் அதில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். சாயத்தொட்டியும் நீங்களும் இங்கே எதிரெதிராகப் பேசுகிறீர்கள். சட்டம் உங்கள் இருவரையும் ஒரே பையில் போட்டு மூட்டை கட்டியிருக்கிறது.

சாயத்தொட்டி அவர்களுக்கு ஒரு யோசனை. வரைவு வரும் வரை காத்திருக்க வேண்டாம். அரசுக்கோ வாரியத்துக்கோ கோரிக்கை மனு அனுப்ப எந்த அறிவிக்கையும் தேவையில்லை. கலப்பு உப்பைப் பற்றி, அவகாசம் என்ற சொல்லே இல்லாமல், அளவீட்டோடு ஒரு பக்கம் எழுதுங்கள். அடுத்த முறை குழு கூடும்போது அது கோப்பில் இருக்கும். தமிழிலேயே எழுதுங்கள், வாரியம் நம்முடையதுதான்.

ஏற்றுமதிப்பெட்டி எழுதியது:

ஒரு எச்சரிக்கையும் வேண்டும், ஐயா. சொந்த அளவீட்டைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதுவே நாளை ஆய்வுக்கு வரும் அதிகாரியின் கையில் ஆதாரமாக நிற்கும். என் நண்பர் ஒருவர் நேர்மையாக ஒரு குறையை எழுதிக் கொடுத்துவிட்டு, அதே குறைக்காகக் காரணம் கேட்கும் நோட்டீஸ் வாங்கினார். அதனால்தான் எல்லோரும் சங்கத்தின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

ஆய்வகமேசை எழுதியது:

அந்த அச்சம் உண்மையானதுதான். ஆனால் கொட்டகையில் இருக்கும் உப்பு யாருக்கும் தெரியாத ரகசியம் அல்லவே. ஆய்வுக்கு வருகிறவர்கள் அதன் பக்கத்தில்தான் வண்டியை நிறுத்துகிறார்கள். நிலையத்தின் பெயரில், உறுப்பினர் பட்டறைகள் ஐந்தாறு சேர்ந்து கையெழுத்திட்டால் ஒருவர் தலையில் மட்டும் விழாது.

சாயத்தொட்டி எழுதியது:

நேற்று இரவு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். மற்ற நான்கு பட்டறைக்காரர்களிடம் பேசிவிட்டேன். இருவர் சரி என்றார்கள், ஒருவர் மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார், ஒருவர் போனை எடுக்கவில்லை. மனுவின் நடுப்பகுதி இது:

‘எங்கள் நிலையத்தில் உறுப்பினர்கள் சாயமேற்றப் பயன்படுத்தும் உப்பு ஒரே வகையாக இருக்க வேண்டும் என்பதை இசைவாணையின் நிபந்தனையாகவே சேர்க்குமாறு கோருகிறோம். இதனால் உப்பு நீரை மறுபடி பயன்படுத்தும் அளவு கூடும், கலப்பு உப்பு குறையும். இப்போது தேங்கியுள்ள கலப்பு உப்பின் எடையை மாதந்தோறும் நிலையத்தின் வாயிலில் பலகையில் எழுதி வைக்க நாங்களே முன்வருகிறோம். கொட்டகையின் தரைக்கும் கூரைக்கும் குறைந்தபட்சத் தரத்தை வாரியம் வரையறுத்துத் தர வேண்டும். மழைக் காலத்துக்கு முன் அதை ஆய்வு செய்ய வேண்டும்.’

எங்கள் மேலேயே ஒரு நிபந்தனையைப் போடச் சொல்லிக் கேட்பது பைத்தியக்காரத்தனம் என்று என் தம்பி சொல்கிறான். இருக்கட்டும்.

நொய்யல்கரை எழுதியது:

இதில் ஒரு வரி சேர்ப்பீர்களா? கொட்டகையிலிருந்து நீரோட்டம் போகும் திசையில் ஒரு கண்காணிப்புக் கிணறு வேண்டும், அதன் அளவீட்டைச் சுற்றுப்பட்ட ஊராட்சிகளுக்குத் தமிழில் தர வேண்டும். அதைச் சேர்த்தால் எங்கள் ஊரிலிருந்தும் கையெழுத்து வாங்கித் தருகிறேன். எத்தனை பேர் போடுவார்கள் என்று உறுதி சொல்ல மாட்டேன். சாயப்பட்டறை என்ற சொல்லைப் பார்த்ததுமே பேனாவை மூடுகிறவர்கள் இங்கே நிறைய.

சாயத்தொட்டி எழுதியது:

சேர்த்துவிட்டேன், அண்ணா. எடையை மட்டும் இன்னும் நிரப்பவில்லை. மூட்டைகளை எண்ணி, ஒரு மூட்டைக்கு 50 கிலோ என்று பெருக்கினால் போதுமா?

ஆய்வகமேசை எழுதியது:

போதாது. இந்த மழையில் மூட்டைக்கு எத்தனை கிலோ தண்ணீர் என்று உங்களுக்கே தெரியாது. பெருக்கிய எண்ணை எழுதினால், கோடையில் யாராவது மறுபடி எடை போட்டுப் பார்த்து உப்பைத் திருட்டுத்தனமாக வெளியேற்றிவிட்டீர்கள் என்று சொல்வார்கள். பத்து மூட்டைகளின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் மாதிரி எடுத்து வாருங்கள். 105 டிகிரி அடுப்பில் எடை நிலைக்கும் வரை காயவைத்து, ஈரப்பதத்தைக் கழித்து எழுதலாம். செவ்வாய்க்கிழமை அடுப்பு காலியாக இருக்கும்.

சாயத்தொட்டி எழுதியது:

செவ்வாய் காலை எட்டு மணிக்கு மாதிரிகளோடு வருகிறேன். கடப்பாரையையும் கொண்டுவருகிறேன்.